முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டால் நம் குடும்பங்களில் எல்லா ஏற்பாடும் நடக்கும். பணத்துக்கு அலைவார்கள், லீவு போடுவார்கள், முருகனுக்கு வேண்டிக்கொள்வார்கள். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிவர மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே வாக்கரைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். புது மூட்டு நிலைக்குமா நழுவுமா என்பது அடுத்த ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில், கழிப்பறையிலும் சோபாவிலும் கார் சீட்டிலும் முடிவாகிறது. பினாங்கில் இந்த நோயாளிகளோடு தினமும் வேலை செய்யும் பிசியோதெரபிஸ்டுகளும் தாதியரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில், எது நழுவுகிறது, ஏன் நழுவுகிறது என்று தெரிய வேண்டும். தேய்ந்துபோன பந்தை எடுத்துவிட்டு, தொடை எலும்புக்குள் ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் தலையில் புதுப் பந்தை மாட்டி, இடுப்பெலும்பில் பொருத்திய கிண்ணத்துக்குள் அதை உட்கார வைக்கிறார்கள். பந்தைக் கிண்ணத்துக்குள் பிடித்து வைத்திருப்பவை சுற்றியிருக்கும் தசையும் சவ்வும்தான். பின்பக்கமாகத் திறந்து செய்யும் ஆபரேஷனில் அந்தப் பின்பக்கத் தசையையும் சவ்வையும் வெட்டி, பிறகு தைக்கிறார்கள். தைத்த இடம் ஆறி இறுகுவதற்குள் ஒருவர் தாழ்வாக உட்கார்ந்து, முழங்கால் நெஞ்சுப் பக்கம் ஏறி, கூடவே கால் உள்பக்கம் திரும்பினால், தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். மைலோ டின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினால் எப்படித் தெறித்து வருமோ அப்படித்தான் பந்து பின்பக்கமாக வெளியே வரும்.

அதனால்தான் மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். உடம்புக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் 90 பாகைக்குக் கீழே குறையக் கூடாது. ஆபரேஷன் செய்த காலை மற்ற காலுக்கு மேல் குறுக்கே போடக் கூடாது. அந்தக் காலின் விரல்களை உள்பக்கம் திருப்பக் கூடாது. முன்பக்கமாகத் திறந்து செய்தால் விதி வேறு: காலைப் பின்னால் நீட்டுவதும் பாதத்தை வெளிப்பக்கம் திருப்புவதும்தான் அங்கே ஆபத்து. கட்டுப்பாடுகளைக் குறைத்துக்கொள்ளும் மருத்துவர்களும் உண்டு. எந்தப் பக்கமாகத் திறந்தீர்கள், எதையெல்லாம் செய்யக் கூடாது, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். போன வருஷம் ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொன்ன விதி உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது அளவு நாடா. செருப்போடு நிற்க வைத்து, முழங்காலின் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதோடு 2 அங்குலம் கூட்டினால், அவர் உட்காரக் கூடிய குறைந்தபட்ச உயரம் கிடைக்கும். ஐந்தடி இரண்டங்குலம் உள்ள பெண்ணுக்கு இது ஏறக்குறைய 18 அங்குலம் வரும். உயரமான ஆணுக்கு 20 வரை போகும். நாற்காலி, கட்டில், கழிப்பறை மூன்றையும் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோபாவை வெறுமனே அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஆள் உட்கார்ந்ததும் பஞ்சு மூன்று நான்கு அங்குலம் அமுங்கும். ஒருவரை உட்கார வைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் தெரிந்தால் அந்த சோபாவில் பன்னிரண்டு வாரத்துக்கு அவர் உட்காரக் கூடாது. கெட்டியான இருக்கையும் இரண்டு கைப்பிடியும் உள்ள மர நாற்காலிதான் நல்லது. பாயில் படுப்பதும், தரையில் மெத்தை போட்டுப் படுப்பதும் இந்தக் காலத்துக்கு ஆகவே ஆகாது. கட்டில் தாழ்வாக இருந்தால் நான்கு கால்களுக்கு அடியிலும் குழிவுள்ள மரக்கட்டை வையுங்கள். வெறும் செங்கல் வழுக்கிவிடும்.

எங்களைக் கேட்டால், வீட்டிலேயே அதிக ஆபத்தான இடம் கழிப்பறைதான். நம் நாட்டுச் சாதாரண உட்காரும் கழிப்பறை 15, 16 அங்குலம்தான் இருக்கும். அதன்மேல் பொருத்தும் 4 அங்குல உயர்த்தி மருந்துப்பொருள் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் திருகி இறுக்கும் பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெறுமனே மேலே வைக்கும் வகை, ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும்போது நகர்ந்துவிடும். குந்தும் கழிப்பறை மட்டும் உள்ள பழைய வீடுகளில் பாத்திரம் கழற்றிய கமோட் நாற்காலியைக் குழிக்கு நேர் மேலே வைப்பார்கள். அங்கே ஒரு சிக்கல் வரும். குந்தும் பீங்கான் பெரும்பாலும் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் உயர்ந்த மேடையில் பதிந்திருக்கும். நாற்காலியின் பின்கால் மேடையிலும் முன்கால் தரையிலும் நின்றால், எழுந்திருக்கும்போது அது முன்னால் கவிழும். ஒவ்வொரு காலையும் பொத்தான் அழுத்தித் தனித்தனியாக நீட்டக் கூடிய வகையை வாங்கி, முன்காலை மேடை உயரத்துக்கு ஏற்ப நீட்டி, நான்கு ரப்பர் அடியும் தரையைத் தொடுகிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு வீட்டிலேயே கனமானவரை உட்கார வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு நோயாளியை அனுப்புங்கள்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். நம் வீடுகளில் தண்ணீர் பீய்ச்சும் ஹோஸ் பெரும்பாலும் பின்சுவரில் மாட்டியிருக்கும். அதை எட்டி எடுக்க உடம்பைத் திருகும்போது கால் அப்படியே நிற்க இடுப்பு மட்டும் சுழலும். கொக்கியைக் கழற்றி, கைக்கு எட்டுகிற பக்கச் சுவரில், உட்கார்ந்தால் முழங்கைக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். கழுவும்போது முன்னால் குனியாமல், ஆபரேஷன் காலை முன்னே நீட்டி, நல்ல பக்கம் சற்றுச் சாய்ந்து, தோளைத் திருப்பாமல் பின்பக்கமாகக் கை கொண்டுபோக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று விட்டுவிடுகிற விஷயம் இது. ஒரு நாளில் பல முறை நடக்கிற காரியம் என்பதால் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வருவது நல்லது.

குளியலறைத் தரை அறையைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். அந்தப் படியில் இறங்கும்போது வாக்கர் முதலில், பிறகு ஆபரேஷன் கால், கடைசியில் நல்ல கால். ஏறும்போது வாக்கரை மேலே ஊன்றி, நல்ல கால் முதலில். சுவரில் ஒட்டும் உறிஞ்சு பிடிகளை நம்பாதீர்கள். ஈர ஓட்டில் அவை எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது. சுவரில் துளைபோட்டுத் திருகிய கம்பிதான் ஆளைத் தாங்கும். குளிக்கப் பிளாஸ்டிக் நாற்காலி போடுகிறார்கள். சோப்புத் தண்ணீரில் அதன் கால்கள் விரியும், கைப்பிடி வளையும். ரப்பர் அடியுள்ள குளியல் நாற்காலி வேண்டும். வாளியைத் தரையில் வைத்தால் ஒவ்வொரு குவளைக்கும் குனிய வேண்டும். உயரமான ஸ்டூலில் பாதி நிரப்பிய வாளியை வையுங்கள். எண்ணெய்க் குளியல் வேண்டாம். தலையில் வைத்த எண்ணெய் தரைக்கு வரும். அந்தத் தரையில்தான் அவர் கால் வைத்து எழுந்திருக்க வேண்டும்.

உடுத்தும்போது ஆபரேஷன் கால் முதலில் நுழையட்டும், கழற்றும்போது கடைசியில் வரட்டும். கைலியும் நைட்டியும் வசதிதான், ஆனால் தரையில் புரளாத நீளமாக இருக்க வேண்டும். வாக்கரின் முன்கால் துணியை மிதித்துக்கொண்டால் ஆள் தலைகுப்புற விழுவார். சேலை கட்ட ஆசைப்படுகிறவர்களுக்குக் கொசுவத்தை இன்னொருவர் செருகிவிட வேண்டும். ஜப்பான் சிலிப்பரை, அதாவது ரப்பர் வார்ச் செருப்பை, எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள். குதிகாலைப் பிடிக்கும் பட்டையும் ரப்பர் அடியும் உள்ள செருப்புதான் வேண்டும். கீழே விழுந்த டிவி ரிமோட்டை எடுக்கக் குனிவதில்தான் பலருக்கு மறதியாக அந்தக் கோணம் 90 பாகைக்குக் கீழே போய்விடுகிறது. நீளக் கைப்பிடியுள்ள கவ்வி ஒன்றை எப்போதும் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

சமையலறையில் அரிசி டின்னையும் பருப்பு டப்பாவையும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட அலமாரிக்கு மாற்றிவிட வேண்டும். அரிவாள்மணை பரணுக்குப் போகட்டும். வாக்கர் பிடித்திருப்பவர் கையில் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியாது. மூடி இறுக்கிய பிளாஸ்க்கைக் கழுத்தில் மாட்டும் துணிப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். அடுப்பிலிருந்து மேசைக்குத் திரும்பும்போது ஆபரேஷன் காலை ஊன்றிச் சுழலாமல் சின்னச் சின்ன அடியாக வைத்து முழு உடம்போடு திரும்ப வேண்டும்.

உணவு விஷயத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பத்தியம் வைத்திருப்பார்கள். முட்டை ஆகாது, கோழி ஆகாது, கத்தரிக்காய் சீழ் கட்டும் என்பார்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் வெட்டிய தசை ஆறப் புரதம் வேண்டும். ரசம் சோற்றில் அது போதாது. முட்டை, மீன், கோழி கொடுங்கள். சைவமானால் பருப்பு, தயிர், தவ்ஹூ, தெம்பே. விரால் மீன் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள், தாராளமாகக் கொடுக்கலாம், அதுவும் புரதம்தானே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த வாரங்களில் தினமும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சர்க்கரை ஏறினால் காயம் ஆறாது, கிருமி தொற்றும். வலி மாத்திரைகளில் சில மலத்தை இறுக்கிவிடும். முக்கிக்கொண்டு முன்னால் வளைந்து உட்கார்ந்தால் இடுப்பு மடங்கும். எனவே கீரையும் பப்பாளியும் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே வேண்டும். சிறுநீரகம், இருதயக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி நடக்கட்டும்.

இனி, நாங்கள் அதிகம் அஞ்சுகிற ஒன்று: உருவிவிடுவது. வீங்கிய காலைப் பார்த்ததும் யாரோ ஒருவர் நல்ல கைராசியுள்ள ஆளைக் கூட்டி வருவார். தைலம் போட்டுக் காலை நீட்டி மடக்கி உருவுவார். முதல் ஆபத்து, காலைத் திருப்பும்போது மூட்டு நழுவலாம். இரண்டாவது ஆபத்து பெரியது. ஆபரேஷனுக்குப் பிறகு கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். உறைந்த கட்டியை அழுத்தி உருவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளையே கொன்றுவிடலாம். வீக்கம் மாலையில் கூடி, இரவு படுத்தால் காலையில் குறைவது இயல்பு. இது மூன்று மாதம்கூட இருக்கும். ஒத்தடம் கொடுக்க விரும்பினால் சுடுதண்ணீர் வேண்டாம். துண்டில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். காயத்தின் மேல் மஞ்சளோ எண்ணெயோ தடவவே கூடாது. தையல் அல்லது ஸ்டேப்பிள் எடுக்க 10 முதல் 14 நாளாகும். அதுவரை காயம் நனையக் கூடாது என்றால் நனையக் கூடாதுதான்.

இரத்த உறைவைத் தடுக்க மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள், சில மருந்து 35 நாள் வரை போகும். வலி குறைந்ததும் இதை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். இது வலிக்கான மருந்தே அல்ல. இனோக்சாபரின் என்ற ஊசி மருந்து பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. முஸ்லிம் அன்பர்களுக்கும் சைவர்களுக்கும் இது மனதை உறுத்தலாம். உறுத்தினால் வாய் திறந்து சொல்லுங்கள். மாத்திரையும் வேறு ஊசியும் உண்டு. சொல்லாமல் ஊசியைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, ஜின்செங், பூண்டு மாத்திரை எதையாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், இரத்தக் கசிவைக் கூட்டக் கூடியவை அவை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் இறுகி வலித்தால், காயத்திலிருந்து நீர் வடிந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கியும் இருக்கலாம், வீட்டில் இருக்கும் வேறு வலி மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். மூச்சு வாங்கினாலும் மார்பு வலித்தாலும் 999. திடீரென்று கடும் வலி வந்து, கால் குட்டையாகி ஒரு பக்கம் திரும்பி நின்று, ஊன்றவே முடியாமல் போனால் மூட்டு நழுவிவிட்டது என்று பொருள். அப்போதும் 999தான். இழுத்துப் பார்க்காதீர்கள். தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், மூட்டை உள்ளே தள்ள மயக்க மருந்து தேவைப்படும், வயிறு காலியாக இருப்பது நல்லது.

நடை. வாக்கரின் கைப்பிடி, கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். வாக்கர், ஆபரேஷன் கால், நல்ல கால் என்ற வரிசை மாறக் கூடாது. நாளுக்கு ஒருமுறை நெடுந்தூரம் நடப்பதைவிட, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடப்பது மேல். படுத்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது இரத்த உறைவைத் தடுக்க உதவும். வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் பயிற்சி செய்தால் நன்றாகச் செய்ய முடியும். கைத்தடிக்கு மாறும்போது அதை ஆபரேஷன் செய்த பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். நோகிற பக்கத்திலேயே பிடிப்பதுதான் பலருக்குக் கை வரும், ஆனால் அப்படிப் பிடித்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து இடுப்பில் பாரம் கூடும். தடியின் அடியிலுள்ள ரப்பரை வாரம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வளைய வளையமாக இருக்கும் வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈர மொசைக்கில் அது சோப்பைப் போல வழுக்கும். சில வெள்ளிதான், மாற்றிவிடுங்கள். வலி போனதும் தடியை மூலையில் வைத்துவிடுகிறார்கள். நொண்டல் இல்லாமல் நடக்கிறார் என்று இன்னொருவர் பார்த்துச் சொல்லும் வரை தடி வேண்டும். இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலம் பெறாமல் தடியை விட்டால் அந்த நொண்டல் அப்படியே பழகிப்போகும்.

ஜார்ஜ்டவுனில் கடைகளுக்கு முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதையான அஞ்சடியில் நடப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை மட்டம் மாறும், இடையில் ஒன்றிரண்டு படி வரும், காலையில் கழுவிய தண்ணீர் நிற்கும். முதல் மாதத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்களுக்காகப் பதித்த புடைப்புக் கற்களில் வாக்கரின் கால் தட்டும், ஓரமாக நடங்கள். காரில் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, முதுகைச் சாய்த்து, கெட்டித் தலையணை ஒன்றும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையும் போடுங்கள். முதுகைக் காருக்குக் காட்டி முதலில் உட்கார்ந்து, ஆபரேஷன் காலை நீட்டியபடி பின்னால் நகர்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உடம்போடு திரும்ப வேண்டும். பை வழுக்குவதால் திருகாமல் திரும்ப முடியும். கார் ஓடத் தொடங்குமுன் பையை உருவிவிடுங்கள், பிரேக் போட்டால் ஆள் சரிவார். ஓட்டுவதற்கு மருத்துவர் சொல்லும் வரை, பெரும்பாலும் ஆறு வாரம், பொறுக்க வேண்டும். தாம்பத்திய உறவு எப்போது, எப்படி என்பதையும் வெட்கப்படாமல் கேளுங்கள். அதற்கும் பாதுகாப்பான நிலைகள் உண்டு, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவருடைய உயர நாற்காலியில் நீங்கள் உட்காராதீர்கள். மரியாதைக்கு அவர் எழுந்து கொடுத்துவிட்டு, தாழ்ந்த சோபாவில் போய் உட்காருவார். காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டாம், குனிந்து தூக்கப் பார்ப்பார். பூசையறையில் விளக்கு மேடையை உயர்த்தி வையுங்கள். சாஷ்டாங்கமும் மண்டியிடுவதும் நின்று கும்பிடுவதாக மாறட்டும். கோயில், சூராவ் (சிறிய தொழுகை இல்லம்), தேவாலய நிர்வாகங்கள் 18 அங்குலத்துக்குக் குறையாத, கைப்பிடியுள்ள நாற்காலிகள் சிலவற்றை முன்வரிசையில் போட்டு வைத்தால் பல முதியவர்கள் மறுபடி வந்து வழிபடுவார்கள். அபிஷேகத் தண்ணீர் ஓடும் கல்தரையில் பக்கக் கம்பி இருந்தால் இன்னும் நல்லது. பத்துமலையின் 272 படிகளுக்கு ஆசைப்படுகிறவர்கள் முதலில் வீட்டுப் படியைக் கம்பி பிடித்து, நொண்டாமல், மூச்சு வாங்காமல் ஏறி இறங்கட்டும். தேதியை மருத்துவர் சொல்லட்டும்.

கருவிகளுக்குப் பணமில்லாதவர்கள் மருத்துவமனையிலேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேளுங்கள். சமூக நலத்துறையில் துணைக் கருவிகளுக்கு உதவித் திட்டம் உண்டு. பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டும் தொழிலாளர்கள் அங்கேயும் விசாரிக்கலாம். இவற்றை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கினால்தான் கருவி வேளைக்கு வந்து சேரும்.

மருத்துவமனைகளிடம் நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள், தமிழில். வீட்டுக்கு அனுப்பும்போது அதில் நான்கு இடத்தை நிரப்பிக் கொடுங்கள்: எந்தப் பக்கமாகத் திறந்தது, செய்யக் கூடாதவை எவை, எந்தத் தேதி வரை, இந்த நோயாளிக்கு இருக்கையின் உயரம் எத்தனை அங்குலம். குடும்பத்தார் அதைக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபி, தாதிமைப் பணியாளர்கள்,
பினாங்கு.